பருவம் தருவோர் யார்? எரிக்சனின் எட்டுப் பருவங்களும் தோட்டத்து வாழ்வும்

மாந்தர் வாழ்வைப் பருவங்களாகப் பகுத்துக் காணும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. குழவிப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடியது பிள்ளைத்தமிழ். மகளிர் பருவத்தை ஏழாகப் பகுத்துப் பாடியது உலா. ஆடவர்க்கும் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் எனப் பாட்டியல் நூலார் பெயர் வகுத்தனர். இவற்றுக்கெல்லாம் முன்னே தொல்காப்பியர் மரபியலின் தொடக்கத்தில் இளமைப் பெயர் ஒன்பதைத் தொகுத்து, எவ்வுயிரின் இளமைக்கு எப்பெயர் உரியது என வரையறை செய்தார்.

இத்துணை வளம் படைத்த மரபில் வந்த தமிழாசிரியர், பயிற்சிக் கல்லூரியில் உளவியல் பாடத்திற்கு அமரும்போது அவற்றையெல்லாம் வாயிலிலேயே விட்டுவிட்டு உள்ளே செல்கிறார். அங்கே எரிக் எரிக்சன் என்னும் அறிஞரின் எட்டுப் பருவங்கள் கட்டம் போட்டு அவருக்குத் தரப்படுகின்றன. ஒரு பக்கம் வயது. மறு பக்கம் இரண்டிரண்டு சொற்கள். நம்பிக்கையும் நம்பாமையும், தன்னாட்சியும் நாணமும், முனைப்பும் குற்ற உணர்வும், உழைப்புத் திறமும் தாழ்வுணர்வும், தன்னடையாளமும் நிலைகுழப்பமும், நெருக்கமும் தனிமையும், ஆக்கம் பேணலும் தேக்கமும், நிறைவும் கையறவும் என எட்டு இணைகள். ஆசிரியர் அவற்றை மனனம் செய்கிறார், தேர்வில் எழுதுகிறார், தேறுகிறார். பள்ளிக்கு வந்த பின்னர், தம் முன் அமர்ந்துள்ள பிள்ளையை அக்கட்டத்துள் பொருத்திப் பார்க்கிறார். பொருந்தாவிடின் பிள்ளை பின்தங்கியது என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்.

இங்ஙனம் எழுதுவதால் பிள்ளைக்கு நேரும் தீங்கு வெளிப்படை. எரிக்சனுக்கும் இது தீங்கே என்பதுதான் பலரும் நினையாதது. அவர் சொல்லியது வயதுப் பட்டியல் அன்று. ஒவ்வொரு பருவத்திலும் மாந்தன் ஒரு வாயிலின் முன் நிற்கிறான். அவ்வாயிலைத் திறப்போர் பிறர். திறப்பதும் திறவாமையும் அவனைச் சூழ்ந்த சமுதாயத்தைப் பொறுத்தது. இதுவே அவர் கொள்கையின் உயிர்நிலை. 1950-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய முதல் பெருநூலுக்குக் ‘குழந்தைப் பருவமும் சமுதாயமும்’ என்னும் பொருள்படப் பெயர் அமைந்தது தற்செயலன்று. கட்டம் போட்டுக் கற்பிப்போர் அப்பெயரின் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

அந்நூலில் அவர் அமெரிக்கப் பழங்குடியினராகிய சூ மக்களைப் பற்றி எழுதிய பகுதி ஆசிரியர் ஒவ்வொருவரும் படிக்கத்தக்கது. காட்டெருமை வேட்டையால் வாழ்ந்த அம்மக்கள், எருமைகள் அழிக்கப்பட்டு, ஒதுக்கிடத்தில் அடைக்கப்பட்ட பின், அவர்தம் பிள்ளைகளைப் பற்றி அரசினர் பள்ளி ஆசிரியர்கள் பல குறை கூறினர்: அக்கறையில்லை, போட்டி மனப்பான்மையில்லை, உடைமையைப் பேணத் தெரியவில்லை என்றனர். எரிக்சன் நேரில் சென்று பார்த்தார். குறை கூறப்பட்ட பண்புகளில் பல, அம்மக்களின் பழைய வாழ்வில் சிறப்பெனப் போற்றப்பட்டவை. உடைமையைப் பிறர்க்கு வழங்கிவிடுதல் அவர்களுக்குப் பெருமை. அப்பெருமைக்கு இடமளித்த வாழ்வு போயிற்று. பண்பு மட்டும் எஞ்சிப் பள்ளியில் குறையாயிற்று. வடசிலாங்கூர்த் தோட்டப் பிள்ளைகளைப் பற்றிப் பேசப்படும் குறைகளைக் கேட்டுப் பழகியவர்க்கு இப்பகுதி புதிய செய்தியாக இராது.

இனி நம் பகுப்புகளை நோக்குவோம். உலாவில் பேதைக்கு 5 முதல் 7 வயது. பெதும்பைக்கு 8 முதல் 11. மங்கைக்கு 12, 13. மடந்தைக்கு 14 முதல் 19. அரிவைக்கு 20 முதல் 25. தெரிவைக்கு 26 முதல் 31. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. நாற்பதோடு பெண்ணின் வாழ்வு முடிந்துவிடுகிறது! தலைவன் வீதியில் உலா வருகிறான். எழுவகைப் பருவத்து மகளிரும் அவனைக் கண்டு நிற்கின்றனர். அவர்கள் காண்பதாகப் புலவர் பாடினாலும், உண்மையில் காணப்படுவோர் அவர்களே. திருக்கயிலாய ஞான உலா முதல் ஒட்டக்கூத்தரின் மூவருலா ஈறாகவும் அதன் பின்னும் இம்முறை மாறவில்லை. பாட்டின் சுவை பற்றி இங்கு வழக்கில்லை. ஆனால் இதனை வளர்ச்சிக் கொள்கை என்று காட்டி, ‘மேலைநாட்டார் இன்று சொல்வதை நாம் அன்றே சொன்னோம்’ என்று மேடையில் முழங்குவது பொருந்தாது. வெளியே நின்று நோக்குவோன் இட்ட பெயர்கள் இவை. அப்பெண் எதனை வேண்டி நின்றாள், யார் அதனைத் தந்தார், யார் மறுத்தார் என்னும் வினா இப்பகுப்பில் எழுவதேயில்லை.

எரிக்சனும் இக்குற்றத்தினின்று முழுதும் நீங்கினார் எனல் ஆகாது. அவர் வரைந்த வரிசை பெரும்பாலும் ஆடவன் வாழ்வை அளவுகோலாகக் கொண்டது என்று காரல் கில்லிகன் என்னும் அறிஞர் 1982-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். முதலில் தன்னடையாளம், பின்னர் நெருக்கம் என்னும் வரிசை பெண்டிர்க்குப் பொருந்துவதில்லை; பிறரோடு கொண்ட உறவிலேயே அவர்களுக்கு அடையாளம் உருவாகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். தோட்டத்துப் பெண்பிள்ளையை அறிந்தோர் இவ்வாதத்தை எளிதில் மறுக்கமாட்டார்.

பிள்ளைத்தமிழின் நிலை உலாவினின்றும் வேறு. மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை பாடுக என்று பாட்டியல் வகுத்தாலும், அதன் பருவங்களை உற்று நோக்கினால் அவை வயதின் பெயர்கள் அல்ல என்பது புலனாகும். செங்கீரையில் குழவி ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலையசைத்து ஆடுகிறது. அதனை ஆடுக என்று வேண்டுவோர் எதிரே இருக்கின்றனர். தாலாட்டுக்கு நாவசைப்போர் உண்டு. சப்பாணியில் கைகொட்டக் கேட்போர் உண்டு. முத்தம் கேட்போர், வருக என்று கை நீட்டுவோர், நிலவை விளையாட அழைப்போர் எனப் பருவந்தோறும் குழவிக்கு எதிரே ஒருவர் நிற்கிறார். கேட்போர் இல்லையேல் அப்பருவம் இல்லை. எரிக்சன் முதற்பருவத்து நம்பிக்கையைப் பற்றி எழுதியதன் கருத்தும் இதுவே. குழவி உலகை நம்பக் கற்றுக்கொள்வது, தன் அழைப்புக்கு மறுமொழி வரும் என்று மீண்டும் மீண்டும் கண்டறிவதனால்தான்.

ஆயினும், எரிக்சனுக்கு மிக அணுக்கமான தமிழ்ப் பாட்டு எது எனின், பாட்டியலுக்கு வெளியே புறநானூற்றில் அமைந்த பொன்முடியார் பாட்டைத்தான் காட்டவேண்டும். மறக்குடித் தாய் ஒருத்தி கூறுவதாக அமைந்த 312-ஆம் பாட்டு அது. பெற்று வளர்ப்பது தன் கடன் என்கிறாள். சான்றோன் ஆக்குதல் தந்தைக்கு என்கிறாள். வேல் செய்து தருவது கொல்லனுக்கு; நன்னடை நல்குவது வேந்தனுக்கு. இத்தனையும் பெற்ற பிறகே மகனுடைய கடன் வருகிறது. பள்ளிகளில் இப்பாட்டை வீரத்திற்கு எடுத்துக்காட்டாக நடத்துகிறோம். வீரம் அதன் இறுதியில்தான் வருகிறது. அதற்கு முன்பெல்லாம் அப்பாட்டு ஒரு கணக்கை எழுதுகிறது. ஓர் இளைஞன் உருவாவதற்கு யார் யார் என்னென்ன தரக் கடன்பட்டவர் என்பதே அக்கணக்கு. கொல்லனும் அரசனும் அதில் இடம்பெறுவது கருதத்தக்கது. வளர்ப்பு வீட்டுக்குள் முடிந்துவிடும் செயலன்று என்பதை அத்தாய் அறிந்திருந்தாள்.

எரிக்சனின் கட்டத்தையும் பொன்முடியாரின் கணக்கையும் அருகருகே வைத்துக்கொண்டு கோலா சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்ட வாழ்வைப் பார்ப்போமாயின் பல செய்திகள் துலங்கும். பத்தாங் பெர்ஜுந்தை என முன்பு வழங்கிய இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் உள்ளது தென்னமரம் தோட்டம். ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தது அங்கேதான். அவரே 1930-இல் ‘மலேசி’ என்னும் புதினத்தை எழுதிப் பிரான்சின் கோங்கூர்ப் பரிசையும் பெற்றார். தோட்டக்காரர் எழுதிய நூல்களுள் சிறந்தது அது. மலாய் மண்ணின் அழகும் பந்துன் பாட்டின் நயமும் அதில் உண்டு. எனினும் அகவாழ்வு விரித்துரைக்கப்படுவது இரு பிரெஞ்சுத் தோட்டக்காரருக்கே. பால் வெட்டிய தமிழன் எப்படிப் பிள்ளையாக இருந்து ஆளானான், எப்படி முதியவனானான் என்பதை அறிய அந்நூலுள் புகுவோர் வெறுங்கையோடுதான் திரும்புவர்.

நாவல் சொல்லாததைக் கூலிக் கணக்கு சொல்லிற்று. தோட்ட நிருவாகம் அறிந்த பருவங்கள் மிகச் சில. ஆடவர்க்கு ஒரு கூலி, பெண்டிர்க்கு அதனிற் குறைந்த கூலி, சிறுவர்க்கு அதனினும் குறைந்த கூலி. 1930-இல் விலைவீழ்ச்சி வந்தபோது ஆடவர் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசுக்கும், பெண்டிர் கூலி 40 காசிலிருந்து 32 காசுக்கும் இறங்கிற்று. கூலி பெறும் சிறுவன், கூலி பெறும் பெரியவன், கூலி பெறாத முதியவன். பேரேட்டின்படி மாந்தர் வாழ்வு இவ்வளவே. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டம் ஒரு பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. அவ்விதியால் எழுந்த கொட்டகைகளே இன்றைய பல தமிழ்ப்பள்ளிகளின் முன்னோர். பொன்முடியாரின் கணக்கில் வேந்தன் தர வேண்டிய பங்கு, இங்கே கம்பெனியின் தலையில் ஏற்றப்பட்டது. கம்பெனி எவ்வளவு குறைவாகத் தரமுடியுமோ அவ்வளவு தந்தது.

முதற்பருவத்தை எடுத்துக்கொள்வோம். எரிக்சன் எழுதும்போது தாயும் சேயுமாகிய இருவரையே பெரிதும் கருதுகிறார். தோட்டத்திலோ தாய் பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டியவள். பிள்ளை ஆயாக் கொட்டகையில் துணித் தொட்டிலில் கிடக்கும். ஓர் ஆயா பல தொட்டில்களை ஆட்டுவாள். இதனைக் கண்டு தாயன்பு குறைந்த பிள்ளைகள் என்று இரங்குவோர் உண்டு. தமிழ் மரபு நற்றாயோடு செவிலியையும் வைத்தது. அகப்பாட்டில் தலைவியின் உள்ளத்தை நற்றாயினும் நன்கு அறிந்தவள் செவிலியே. ஆகவே கைகள் பல என்பது குறையன்று. கைகள் களைத்திருந்தன என்பதும், பத்துப் பிள்ளைக்கு ஒரு கையே இருந்தது என்பதும்தான் குறை. அந்தக் குறைக்குப் பொறுப்பு தாயுமல்லள், ஆயாவுமல்லள்.

நான்காம் பருவம்தான் ஆசிரியர்க்கு நேரே உரியது. தொடக்கப்பள்ளி வயது அது. பிள்ளை கருவிகளைக் கையாளக் கற்று, ‘இது என்னால் ஆகும்’ என்னும் பெருமிதத்தைப் பெறவேண்டிய காலம். பெறாவிடின் தாழ்வுணர்வு. எரிக்சன் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தருகிறார்: தன் விருப்பமும் முயற்சியுமன்றி, தன் தோலின் நிறமோ பெற்றோரின் நிலையோ உடையின் விலையோதான் தன் மதிப்பை முடிவு செய்கிறது என்று பிள்ளை உணரத் தலைப்படின் பெருந்தீங்கு விளையும் என்கிறார். கட்டத்தில் இவ்வெச்சரிக்கை இடம்பெறுவதில்லை, இடமும் போதாது.

தோட்டப் பிள்ளைக்கு உழைப்புத் திறம் இல்லாமல் இல்லை. பத்து வயதில் மங்கு துடைக்கவும், ஒட்டுப்பால் உருவவும், செம்பனை வந்த பின் உதிரிப்பழம் பொறுக்கிச் சாக்கில் கட்டவும் தாய் தந்தையர்க்குத் துணை நின்ற பிள்ளைகள் பல தலைமுறையாக இவ்வட்டாரத்தில் வளர்ந்துள்ளனர். பெண்பிள்ளையோ தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே உலை வைத்தாள். எரிக்சனின் கட்டப்படி அடுத்த தலைமுறையைப் பேணுதல் ஏழாம் பருவத்துக்கு, அஃதாவது நடுவயதுக்கு உரியது. ஒன்பது வயதுப் பெண் அப்பருவத்தை வாழ்ந்துகொண்டே பள்ளிக்கு வந்து நான்காம் பருவத்துக் கணக்குப் பாடத்தில் உறங்கிவிழுந்தாள். வகுப்பில் உறங்குகிறாள், ஊக்கமில்லை என்று எழுதிய ஆசிரியர் பொய் எழுதவில்லை. பாதியை எழுதினார்.

இதனால் குழந்தை உழைப்பைப் போற்றுகிறோம் என்று எவரும் கொள்ளவேண்டா. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவரைச் சிறுவர் என்றும், 14 முதல் 16 வரையுள்ளவரை இளையர் என்றும் வரையறுத்து அவர்தம் வேலைக்கு எல்லை கட்டியது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்புகளை 15 எனவும் 18 எனவும் உயர்த்தியது. நல்ல சட்டமே. ஓர் இரவில் பிள்ளைமை ஓராண்டு நீண்டது! பருவத்தின் எல்லையைச் சட்டம் நகர்த்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

பயிற்சிக் கல்லூரிகளில் ஒரு சிறு மாற்றம் செய்தல் கூடும். எட்டுப் பருவங்களின் பக்கத்தில் வயதை எழுதச் சொல்வதற்கு மாறாக, ‘இதனைத் தந்தவர் யார்?’ என்னும் ஒரு பத்தியை வைத்து, தாம் அறிந்த ஒரு பிள்ளையைப் பற்றி அதனை நிரப்பச் சொல்லலாம். பொன்முடியார் பாட்டை இலக்கிய வகுப்பில் மட்டும் விட்டுவைக்காமல் உளவியல் வகுப்புக்கும் கொண்டு வரலாம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு ஆசிரியரின் எழுதுகோலுக்கே வந்துவிட்டது. ஆகவே அவர் எழுதும் ஒரு வரி முன்னைவிடக் கனமானது.

ஐந்தாம் பருவம் விடலைப் பருவம். ‘நான் யார்?’ என்னும் வினா எழும் காலம். எரிக்சன் 1902-இல் செருமனியில் பிறந்தவர். தம்மைப் பெற்ற தந்தை யாரென அறியாதவர். வளர்ப்புத் தந்தையின் பெயரோடு வளர்ந்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்னும் பெயரைத் தாமே சூடிக்கொண்டவர். தன்னடையாளம் என்னும் கருத்தை உலகறியச் செய்தவர் அவரே என்பதில் வியப்பில்லை. இப்பருவத்தில் இளைஞனுக்குச் சமுதாயம் ஒரு தவணை தரவேண்டும். முடிந்த முடிவாக எதனையும் ஏற்காமல் பலவற்றையும் முயன்று பார்க்கும் இடைவெளி வேண்டும் என்றார் அவர். தோட்டத்தில் இத்தவணை கிடைத்தவர் சிலரே. ஆறாம் ஆண்டு முடிந்ததும் பலருக்குச் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறிற்று. இடைநிலைப் பள்ளிக்குச் சென்றவர்க்கோ, தாய்மொழியில் ஆறாண்டு கற்றபின் மலாய்மொழிக்கு மாறும் பொருட்டுப் புகுமுக வகுப்பு என்னும் ஓராண்டு வந்தது. தவணை போல் தோன்றினும் அது தவணையன்று. தன்னொத்த வயதினர் முதற்படிவத்தில் அமர்ந்திருக்க, தான் ஒரு படி கீழே நிற்பதாக எண்ணவைத்த ஆண்டு அது. உழைப்புத் திறத்தில் தேறி வந்த பிள்ளையைத் தாழ்வுணர்வு வந்து பற்றியது அந்த வாயிலில்தான். தமிழ்ப்பள்ளியில் மலாய்மொழியை நன்கு கற்பிப்பது தமிழுக்குப் பகை என்று நினைப்போர் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று.

இரண்டாம் பருவத்தை இதுவரை சொல்லாமல் விட்டது காரணம் பற்றியே. தன்னாட்சியும் நாணமும் பற்றிய அப்பருவம் கட்டத்தின்படி மூன்று வயதுக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் எரிக்சன், ஒவ்வொரு பருவத்துக்கும் சமுதாயத்தில் ஒரு பெருநிறுவனம் காவலாக நிற்கிறது என்று கூறி, தன்னாட்சிக்குக் காவல் சட்டமும் நீதியும் என்றார். பெரியவர்களே தம் மானத்தோடு நிமிர்ந்து நிற்க முடியாத இடத்தில் குழந்தை நிமிர்வைக் கற்க முடியாது என்பது அவர் கருத்து. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு உண்டு. பிள்ளைகளுக்குக் கல்வி உண்டு. கள்ளுக்கடையை மூடுதல் உண்டு. அவற்றோடு, துரைமாரும் அதிகாரிகளும் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் உண்டு. வயது வந்த ஆடவன், மனைவி மக்கள் காண, வண்டியினின்றும் இறங்கி நிற்கவேண்டியிருந்தது. நாணுறச் செய்தல் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆர். எச். நாதன் அப்போராட்டத்தின் முன்னணியில் நின்று கைதானார், வேலைநிறுத்தம் கிள்ளானுக்கு வெளியேயும் பரவிற்று, படை அழைக்கப்பட்டது, உயிர்கள் போயின. இதனை வரலாற்று நூலார் கூலிப் போராட்டம் என்று எழுதுவர். முப்பது வயது ஆடவரும் பெண்டிரும் தமக்கு மறுக்கப்பட்ட இரண்டாம் பருவத்தைக் கேட்டுப் போராடியதாகவும் அதனைப் படிக்கலாம்.

இவ்வாறு பெரியார் ஒருவர் வாழ்வையும் ஒரு வேலைநிறுத்தத்தையும் சேர்த்துப் படிக்கும் முறைக்கு எரிக்சனே வழிகாட்டி. 1918-இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில் காந்தியடிகள் ஆற்றிய பங்கை ஆராய்ந்து 1969-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டில் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அப்போராட்டத்தின்போது காந்தியடிகளுக்கு வயது 48. ஏழாம் பருவத்தின் நடுவில் நிற்கும் ஒருவர், தம் வீட்டுப் பிள்ளைகளோடு நில்லாமல் ஒரு நாட்டுக்கே தந்தையாகும் முயற்சியில் ஈடுபட்டதாக எரிக்சன் காண்கிறார். தம் மக்கள்பால் அவர் காட்டிய கடுமையையும் எரிக்சன் மறைக்கவில்லை. அந்நூலின் நேர்மை அதில் உள்ளது.

ஏழாம் பருவத்துக்குத் தோட்டத்திலிருந்தே ஒரு சான்று காட்டலாம். விடுதலைக்குப் பின் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வி. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பத்து வெள்ளி அந்நாளில் தொழிலாளிக்குச் சிறு தொகையன்று. தான் காண முடியாத பயனுக்காகத் தன் கூலியில் ஒரு பங்கை எடுத்து வைத்தல் என்பதற்கு மேலாக ஆக்கம் பேணலுக்கு இலக்கணம் கூறல் அரிது. தோட்டத் தொழிலாளிக்குத் தொலைநோக்கு இல்லை என்று சொல்வோர்க்கு இது ஒன்றே போதிய விடை.

இனி முதுமை. புறநானூற்றின் 243-ஆம் பாட்டைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். தடியூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் முதியவர், மணற்பாவைக்குப் பூச்சூட்டியதையும், மருதமரக் கிளையேறி ஆழமான மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்து காட்டியதையும் நினைந்து, அவ்விளமை இப்போது எங்குள்ளதோ என்று இரங்குகிறார். கட்டத்தை வைத்துப் பார்ப்போர் இதனைக் கையறவு என்று குறிப்பர். அது பிழை. தன் வாழ்வின் தொடக்கத்தை இத்துணைத் தெளிவோடும் கனிவோடும் எடுத்துச் சொல்லக்கூடிய முதியவர் வாழ்வை வெறுத்தவராகார். இரக்கமும் நிறைவும் ஒரே பாட்டில் ஒருங்கே நிற்கின்றன. எரிக்சனும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. ஒன்று மற்றொன்றை விஞ்சி நிற்பதையே சொன்னார்.

நம் நாட்டுப் புதினங்களுள் ரெ. கார்த்திகேசுவின் ‘அந்திம காலம்’ (1998) இப்பருவத்தை நேர்நின்று நோக்கியது. புற்றுநோய்க்கு ஆளான முதியவர் ஒருவர் தம் இறுதியை எதிர்கொள்ளும் கதை. நோயும் குடும்பமும் இறைவனும் அவருக்குத் துணையாகவும் வினாவாகவும் நிற்கின்றனர். ஆழ்ந்த நூல், ஐயமில்லை. ஆயினும் அம்முதியவரின் போராட்டம் அகத்தில் நடப்பது. தோட்டத்து முதியவர்க்கு அகப்போராட்டத்துக்கு முன் வேறொன்று காத்திருந்தது. தொழிலாளர் சேமநிதி 1951-இல் ஏற்பட்டது. 55 வயதில் பணம் கைக்கு வரும். அதே வயதில் வேலை ஓய்ந்தது. வேலை ஓய்ந்தால் லயத்து வீடும் போயிற்று. மகனோ மகளோ அத்தோட்டத்தில் வேலையில் இருந்தால் ஒரு மூலை கிடைக்கும். இல்லையேல், தான் நட்ட மரத்தின் நிழலிலும் நிற்க உரிமையில்லை. 2013 சூலை முதல் ஓய்வு வயது 60 ஆக உயர்த்தப்பட்டது. ஐந்தாண்டு தள்ளிப்போயிற்று, வேலையோடு பிணைந்த வீட்டின் நிலை அதனால் மாறவில்லை.

இங்கே நினைவுக்கு வருவது பிசிராந்தையார் பாட்டு, புறம் 191. ஆண்டு பலவாகியும் நரையில்லாதது ஏன் என்று அவரை வினவுகின்றனர். அவர் தம் உடல்நலத்தையோ உணவையோ காரணம் காட்டவில்லை. மனைவியின் மாண்பு, மக்களின் அறிவு, தம் எண்ணப்படி நடக்கும் ஏவலர், அல்லாதது செய்யாமல் காக்கும் வேந்தன், இவற்றுக்கு மேலாகத் தம் ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோர் என்று வரிசையாக எடுத்துரைக்கிறார். எட்டாம் பருவத்தின் நிறைவுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எரிக்சன் நூலிலும் காண்பது அரிது. நிறைவு என்பது முதியவர் தம் நெஞ்சுக்குள் தனியே சமைத்துக்கொள்ளும் பொருள் அன்று. வீடும் அரசும் ஊரும் கூடித் தருவது.

வடசிலாங்கூரில் புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, நைகல் கார்டனர், மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர், தோட்டங்கள் கைமாறிய பின் தமக்கென வீடு வேண்டிப் பல்லாண்டு போராடினர். கோரிக்கையோடு நின்றவருள் பலர் முதியோர். பிசிராந்தையாரின் பட்டியலில் உள்ளவற்றுள் அவர்களுக்கு மனைவி மக்கள் இருந்தனர். ஊர் கலைந்துவிட்டிருந்தது. கோயில் ஓரிடம், பள்ளி ஓரிடம், லயத்துப் பக்கத்து வீட்டார் வேறிடம்.

எரிக்சன் 1994-இல் மறைந்தார். அவர்தம் மனைவியார் சோன் எரிக்சன் 90 வயதைக் கடந்த நிலையில் கணவரின் பட்டியலோடு ஒன்பதாம் பருவம் ஒன்றைச் சேர்த்து எழுதினார். அந்நூல் 1997-இல் வந்தது. மிக முதிர்ந்த வயதில் எட்டுப் பருவங்களும் ஒருசேர மீண்டும் வருகின்றன. ஆனால் நம்பாமையும் நாணமும் தாழ்வுணர்வும் தனிமையும் முன்னே வந்து நிற்கின்றன என்றார் அவர். முதற்பருவத்தில் கேட்ட கேள்வியை, அழைத்தால் யாரேனும் வருவரா என்பதை, முதியவர் மறுபடியும் கேட்கிறார். ஆயாக் கொட்டகையில் தொட்டிலில் கிடந்து ஒரு முறை அதனைக் கேட்டவர்கள், அடுக்குமாடி வீட்டின் மூடிய கதவுக்குப் பின்னிருந்து இரண்டாம் முறை கேட்கின்றனர்.